இடுப்பு வலிக்கு ஷாக்வேவும் கைரோவும்: ஒரு தையல்காரியின் ஆறு வாரம்

2023 தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. கடையில் எழுபது ரவிக்கை டெலிவரி பாக்கி. தரையில் இருந்த அயர்ன் பாக்ஸை எடுக்கக் குனிந்தேன். இடுப்பில் கோணி ஊசியை இறக்கியதுபோல ஒரு குத்து. குனிந்த நிலையிலேயே நின்றுவிட்டேன். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கடையில் வேலை பார்க்கும் பெண் ஓடிவந்து தோளைக் கொடுத்தாள். நாலடி தள்ளியிருந்த நாற்காலிக்குப் போய்ச்சேரக் கால் மணி நேரம் ஆனது.

மதுரை முனிச்சாலைப் பக்கம் நான் தையல் கடை வைத்து இருபத்திரண்டு வருடமாகிறது. அப்போது எனக்கு வயது 47. நாளுக்கு எட்டு மணி நேரமாவது மோட்டார் மிஷினில் உட்கார்ந்திருப்பேன், மற்ற நேரம் கட்டிங் மேஜைமேல் கவிழ்ந்து கிடப்பேன். லேசான இடுப்பு வலி ஐந்தாறு வருடமாகவே இருந்தது. ராத்திரி தைலம், வெந்நீர் ஒத்தடம், காலையில் மறுபடி மிஷின். வலியை வேலையோடு சேர்ந்து வருகிற ஒன்றாகத்தான் நினைத்திருந்தேன். தையல், பூக்கட்டு, அப்பளம் என்று உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண்கள் இந்த ஊரில் ஏராளம். ரவிக்கை கொடுக்க வருகிறவர்களில் பலர் கடைப் படியேறும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். “ஷாக்வேவ் வச்சீங்களாமேக்கா, சரியாச்சா, எம்புட்டு ஆச்சு” என்று அவர்கள் கேட்கும்போது துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். ஷாக்வேவ் என்பது மிஷினால் தசைக்குக் கொடுக்கும் அதிர்வலை. கைரோ, அதாவது கைரோபிராக்டிக், கையால் மூட்டைத் திருப்பிச் செய்யும் வைத்தியம்.

முதல் ஒரு வாரம் வீட்டு வைத்தியம்தான். “வாய்வுப் பிடிப்புத்தா, நொச்சி எலயப் போட்டு ஒத்தடம் குடுத்தாச் சரியாப் போகும்” என்றார் என் அத்தை. கொடுத்தார், சுகமாகவும் இருந்தது. சூடு இறுகிய தசையை இளக்கும். புதிதாக வந்த இடுப்பு வலிக்குச் சூட்டு ஒத்தடம் நல்லது என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற அமைப்பின் (American College of Physicians) 2017 வழிகாட்டுதலும் சொல்வதாகப் பின்னால் தெரிந்துகொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா, பிறக்கும்போது கால் முதலில் வந்த பிள்ளை ஒன்று தெருவில் இருக்கிறது, அதை மூன்று தடவை இடுப்பில் மிதிக்கச் சொல்லலாம் என்றார். எங்கள் பக்கத்தில் இது ரொம்ப காலமாக இருக்கிற பழக்கம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இடுப்பில் கை பட்டாலே கண்ணில் நீர் வந்த நேரம் அது.

அதை மறுத்த நான், அதைவிடப் பெரிய தப்பை அடுத்து செய்தேன். தீபாவளி வேலையைத் தெரிந்த கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, எலும்பை ஏற்றிவிடுவார் என்று யாரோ சொன்ன ஓர் இடத்துக்குப் போனேன். “எங்க வலிக்குது?” என்பதைத் தவிர அங்கே ஒரு கேள்வியும் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து ஒரே திருப்பு, படபடவென்று சத்தம். “எலும்பு விலகியிருந்துச்சு, ஏத்தியாச்சு. இன்னும் பன்னெண்டு தடவை வரணும், மொத்தமாக் கட்டுனா கொறச்சுக்குவோம்” என்றார்கள். 4,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலை இடது பிட்டத்திலிருந்து சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்வதுபோல் இழுத்தது. போன் செய்தேன். “ஏத்துன எலும்பு செட் ஆகுது, அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை. பணம் போனதைவிட, கால் மரத்துப் போனவளிடம் வந்து டாக்டரைப் பாருங்கள் என்று அவர்கள் ஒரு வார்த்தை சொல்லாததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

வீட்டுக்காரர் என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கோரிப்பாளையத்தில் இருக்கும் அரசு இராசாசி மருத்துவமனை எங்கள் எல்லோருக்கும் பெரியாஸ்பத்திரிதான். வரிசை நீளம், காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அந்த எலும்பு டாக்டர் என்னைப் பார்த்த பத்து நிமிடத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். இடுப்பு வலியென்று யாரிடம் போனாலும் முதலில் நடக்க வேண்டியது அதுதான்.

மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் ஒவ்வொரு காலாகத் தூக்கி, எந்த உயரத்தில் இழுக்கிறது என்று பார்த்தார். எழுந்து குதிகாலால் நடக்கச் சொன்னார், பிறகு விரல் நுனியால். கட்டைவிரலை அவர் அமுக்கிப் பிடிக்க நான் மேலே தூக்க வேண்டும். குண்டூசியால் காலை அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். அப்புறம் கேள்விகள். “ஒண்ணுக்கு வந்தா அடக்க முடியுதா? போகணும்னு தோணியும் வராம நிக்குதா? சேலை கட்டி உக்கார்ற எடம், தொடையோட உள்பக்கம் மரத்துப்போயிருக்கா? சாயங்காலமானா காய்ச்சல் அடிக்குதா? எடை குறைஞ்சிருக்கா? ராத்திரி படுத்திருக்கும்போதுதான் வலி ஜாஸ்தியா?”

ஏன் இதெல்லாம் என்று கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். தண்டுவடம் முடிந்து வால்போலத் தொங்கும் நரம்புக் கொத்து நசுங்கினால் சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை இழக்கும், உட்காரும் இடம் மரத்துப்போகும். அப்படியென்றால் அதே நாளில் ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். ஒரு நாள் தள்ளிப் போட்டாலும் திரும்பி வராத பாதிப்பு ஏற்படலாம். பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலும் தாமதிக்கக் கூடாது. காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் முதுகெலும்பில் காசநோயா, கட்டியா என்று பார்க்க வேண்டும். முதுகெலும்பு காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது, வெறும் முதுகு வலிபோலத்தான் தொடங்கும். அப்படிப்பட்ட எலும்பைப் பிடித்து யாராவது முறுக்கினால் என்ன ஆகும்? அதைக் கேட்டபோதுதான் முதலில் போன இடத்தை நினைத்து உடம்பு சிலிர்த்தது.

எனக்கு அப்படி எதுவும் இல்லை. நரம்பில் லேசான அழுத்தம், மாத்திரை, பிசியோதெரபி என்று எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் உடனே வேண்டாம், ஆறு வாரம் பார்ப்போம் என்றார். எனக்குத்தான் பயம் விடவில்லை. வெளியில் 6,500 ரூபாய் கொடுத்து எம்ஆர்ஐ எடுத்தேன். எல் 4 – எல் 5, அதாவது இடுப்பின் நாலாம் ஐந்தாம் முள்ளெலும்புக்கு நடுவே ஜவ்வு பிதுக்கம், அதற்குக் கீழே லேசான தேய்மானம் என்று வந்தது. அந்தத் தாளைப் பார்த்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆபரேஷன் என்றார்கள். பத்து நாள் நான் சரியாகத் தூங்கவில்லை.

2024 சனவரி முதல் வாரம், அண்ணா நகர் பக்கம் ஒரு பிசியோதெரபி மையத்துக்குப் போனேன். நடத்துகிறவர் ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட். வெளிநாட்டில் கைரோபிராக்டிக் முறையாகப் படித்துவிட்டு வந்த ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் அங்கே வருவார். பெண் ஒருவர் பார்க்கிறார் என்பதால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். இடுப்பும் பிட்டமும் காட்ட வேண்டிய சிகிச்சை இது. கூச்சத்தில் வலிக்கிற இடத்தைச் சரியாகச் சொல்லாமல் போனால் வைத்தியம் அங்கேயே பாதி கெட்டுவிடும். கைரோ செய்பவர் ஆண், ஆனால் அந்த மேடம் கூடவே நின்றார். கேட்டால் எந்த நல்ல இடத்திலும் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

எம்ஆர்ஐ தாளை நடுங்கிக்கொண்டுதான் நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு மேடம் ஒரு கணக்கு சொன்னார். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை 2015-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. நாற்பதில் 50 சதவீதம், எண்பதில் 84 சதவீதம். “தலைமுடி நரைக்கிற மாதிரிம்மா இது. உங்க வலிக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா இந்தத் தாளை வச்சு உங்க இடுப்பு உடைஞ்சுபோச்சுன்னு முடிவு கட்டாதீங்க.” அன்று ராத்திரிதான் நிம்மதியாகப் படுத்தேன். வலி அப்படியே இருந்தது, பயம் மட்டும் குறைந்திருந்தது. பயம் குறைந்ததும் உடம்பைக் கொஞ்சம் அசைக்கத் துணிந்தேன்.

முதல் நாள் சிகிச்சையே கிடையாது. முக்கால் மணி நேரம் கேள்வியும் சோதனையும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா, கர்ப்பமா, புற்றுநோய் வந்திருக்கிறதா, இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, கடந்த சில வாரத்தில் இடுப்பில் ஸ்டீராய்டு ஊசி போட்டேனா என்று ஷாக்வேவுக்கான கேள்விகள். மாதவிலக்கு நின்றுவிட்டதா, எலும்பு முறிவு உண்டா, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்டா என்று கைரோவுக்கான கேள்விகள். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு மெலியும், மெலிந்த எலும்பில் வேகமாக அழுத்தம் கொடுக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு இன்னொன்றின்மேல் நழுவியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கேள்விகள் இல்லாமல் நேரே படுக்கையில் ஏறச் சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஷாக்வேவ் என்றதும் எனக்குக் கொழுந்தனார் ஞாபகம் வந்தது. அவருக்குச் சிறுநீரகக் கல்லை அப்படித்தான் உடைத்தார்கள். “கல்லையே ஒடைக்கிற மிஷின வச்சா எலும்பு என்னாகும் மேடம்?” என்று கேட்டேன். குடும்பம் ஒன்றுதான் என்றார். 1980-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைத்தார்கள். அதிலிருந்து கிளைத்து வந்ததுதான் தசைக்கும் தசைநாருக்கும் கொடுக்கும் ஷாக்வேவ். அமெரிக்காவில் 2000-இல் குதிகால் வலிக்கும் 2003-இல் முழங்கை வலிக்கும் அனுமதி கிடைத்தது. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உடலுக்குள் ஆழத்தில் ஒரு புள்ளியில் குவியும். எனக்கு வைத்தது மற்றது: கைப்பிடிக்குள் காற்றழுத்தம் ஒரு சின்ன உலோகத் துண்டைத் தள்ள, அது முனையில் போய் மோத, அந்த அதிர்வு தோலிலிருந்து பரவும். மூன்று நாலு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் அதன் வேகம் குறைந்துவிடும். எலும்பை உடைக்கிற பலம் அதில் இல்லை.

இன்னொன்றும் அவர் மறைக்காமல் சொன்னார். குதிகால் வலிக்கு இருக்கும் அளவுக்கு ஆதாரம் ஷாக்வேவுக்கு இடுப்பு வலியில் இல்லை. சிறு ஆய்வுகள்தான், கொஞ்ச காலத்துக்கு வலி குறைவதை அவை காட்டுகின்றன. “இதுல குணமாயிரும்னு நான் சொல்ல மாட்டேன். உங்க தசை ரொம்ப இறுகியிருக்கு, தொடவே விட மாட்டேங்கிறீங்க. அது கொஞ்சம் தளர்ந்தா உடற்பயிற்சி செய்ய வைக்கலாம். அதுக்குத்தான் இது.” பன்னிரண்டு தடவை என்று பணம் வாங்கியவர்களைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு இந்தப் பேச்சுதான் நம்பிக்கை தந்தது.

சிகிச்சை இப்படித்தான் நடந்தது. குப்புறப் படுக்க வேண்டும், வயிற்றுக்கடியில் ஒரு தலையணை. ஸ்கேனுக்குத் தடவுவதுபோன்ற குளிர்ந்த ஜெல்லை இடுப்பில் தடவுவார்கள். முதலில் விரலால் அழுத்தி இடத்தைத் தேடினார். கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் ஒரு தசை உண்டு. அவர்கள் கியூ எல் என்கிறார்கள். பிட்டத்தின் மேல் பக்கவாட்டில் இன்னொன்று. எனக்கு வலதுபக்கம் அந்த இரண்டாம் இடத்தில் விரல் பட்டதும் தொடைவரை இழுத்தது. மோட்டார் மிஷின் பெடலை இருபது வருடமாக வலது காலால்தானே மிதிக்கிறேன்.

மிஷினை ஓட்டியதும் எனக்கு ஆச்சரியம். கடகடவென்று அதே சத்தம். என் தையல் மிஷினைப் போலவே நொடிக்குப் பத்து அடி. ஓர் இடத்துக்கு 2,000 அடி, கிட்டத்தட்ட மூன்றேகால் நிமிடம். முதல் சிகிச்சையில் அழுத்தம் 1.5 பார், பிறகு வாராவாரம் ஏற்றி 2.5 வரை போனார். முதுகெலும்புமேல் படாமல், விலாவுக்குக் கீழேயே நின்று, தசைமேல் மட்டும் நகர்த்திக்கொண்டே இருந்தார். வலிக்கும். சும்மா சுகமாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். பத்துக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருந்தார், ஆறுக்கு மேல் போனால் அழுத்தத்தைக் குறைத்தார். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் பயன் இல்லை, சொல்லிவிட வேண்டும். முதல் ஐந்நூறு அடி கண்ணில் நீர் வந்தது. ஆயிரத்தைத் தாண்டியதும் அந்த இடம் மந்தமாகி, மற்றவர் உடம்பைத் தட்டுவதுபோல் ஆனது.

பத்து நிமிடம் நடக்கவிட்டு, அப்புறம் கைரோ. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து மேல் காலை மடித்து, கைகளைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் மெதுவாகத் திருப்பி, இனி திரும்பாது என்கிற இடத்தில் நிறுத்தி, “மூச்ச விடுங்க” என்றார். விடும்போது சின்னதாக, வேகமாக ஒரு தள்ளு. டக்கென்று ஒரு சத்தம். முதல் இடத்தில் பட்ட அனுபவத்தால் நான் ஏற்கெனவே விறைத்துப் போயிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு ஒரே தள்ளோடு நிறுத்திக்கொண்டார். அந்தச் சத்தம் எலும்பு ஏறுகிற சத்தம் இல்லை என்றும் விளக்கினார். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக்குமிழி உண்டாகும், விரலில் சொடக்கு எடுக்கும்போது வருவதும் அதுவே. சத்தம் வராவிட்டாலும் பலன் உண்டு. விலகிய எலும்பை யாரும் கையால் ஏற்றி வைப்பதில்லை, அசையாமல் இறுகிப்போன மூட்டுக்கு அசைவு திரும்புகிறது, வலி உணர்வு கொஞ்சம் அடங்குகிறது.

இரண்டையும் ஏன் ஒரே நாளில் இந்த வரிசையில் செய்கிறார்கள் என்பது என் உடம்பிலேயே தெரிந்தது. தசை இறுகியிருக்கும்போது மூட்டைத் திருப்பினால் தசை எதிர்த்து இழுக்கும், அதிக பலம் கொடுக்க வேண்டிவரும். தசை தளர்ந்தபின் திருப்பினால் சிறு தள்ளு போதும். முதல் இடத்தில் என்னைத் திருப்பியதற்கும் இங்கே திருப்பியதற்கும் உள்ள வேறுபாட்டை, இழுத்துப் பிடித்த துணியைக் கத்தரிப்பதற்கும் பரப்பிவைத்துக் கத்தரிப்பதற்கும் உள்ள வேறுபாடு என்று எங்கள் தொழில்காரர்களுக்குச் சொல்வேன்.

கைரோபிராக்டிக் அமெரிக்காவில் 1895-இல் தொடங்கியது. பல நாடுகளில் அதற்குச் சட்டமும் உரிமமும் இருக்கின்றன. நம் நாட்டில் அதற்கென்று தனி கவுன்சில் இல்லை. அதனால் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ள முடிகிறது. எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. முழுநேரமாக நாலைந்து வருடம் படிக்கிற படிப்பு அது. ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தால் வேண்டாம். இன்னொரு விஷயம், இடுப்புக்குப் போகிறவர்களிடம் கழுத்தையும் ஒரு தடவை எடுத்துவிடவா என்று சில இடங்களில் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்தை வேகமாகத் திருப்புவதில் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரும் ஆபத்து அரிதாகவாவது உண்டு. இடுப்பு வலிக்காக அந்த ஆபத்தை ஏற்க ஒரு காரணமும் இல்லை.

முதல் சிகிச்சை நடந்த அன்று ராத்திரி வலி கூடியது. அடிபட்டதுபோல இடுப்பு கனத்துக் கிடந்தது, மறுநாள் நெல்லிக்காய் அளவில் ஒரு நீலம். சொல்லி அனுப்பியிருந்தார்கள், அதனால் பயப்படவில்லை. இரண்டு நாள் வலி மாத்திரை வேண்டாம், ஐஸ் வேண்டாம், குனிந்து கனம் தூக்க வேண்டாம், நடக்கலாம் என்பதுதான் அவர்கள் சொன்னது. மூன்றாம் நாள் காலையில் படுக்கையிலிருந்து கையூன்றாமல் எழுந்தேன்.

இரண்டாம் வாரம் பொங்கல். நன்றாக இருக்கிறதே என்று ஒரே மூச்சில் ஒன்பது மணி நேரம் மிஷினில் உட்கார்ந்தேன். மறுநாள் பழைய கதை. அந்த வாரம் போனபோது மேடம் திட்டவில்லை, ஒன்று மட்டும் கேட்டார்: “உங்க மேஜை எம்புட்டு உயரம்?” எனக்குத் தெரியவில்லை. அடுத்தவர் உடம்பை அங்குலம் அங்குலமாக அளக்கிற நான் என் மேஜையை ஒருநாளும் அளந்ததில்லை.

கடைக்கு வந்து டேப்பை வைத்தேன். 28 அங்குலம். வீட்டுச் சாப்பாட்டு மேஜை அது, கடை தொடங்கியபோது மாமனார் கொடுத்தது. நான் ஐந்தடி மூன்றங்குலம். நின்றால் முழங்கை 39 அங்குலத்தில் இருக்கிறது. முழங்கைக்குப் பதினோரு அங்குலம் கீழே இருக்கும் துணியை வெட்டத்தான் இருபத்திரண்டு வருடம் கவிழ்ந்திருக்கிறேன். கத்தரி பிடித்து நின்று செய்கிற வேலைக்கு மேஜை முழங்கைக்கு மூன்று நாலு அங்குலம் கீழே இருந்தால் முதுகு வளையாது. ஆசாரி ஒருவரை வரச்சொல்லி நாலு காலுக்கும் எட்டு அங்குலக் கட்டை வைத்தோம். செலவு 600 ரூபாய். முதுகு சாயாத ஸ்டூலை மாற்றி, சாய்மானம் உள்ள நாற்காலி போட்டேன். பெடலை ஒரு சாண் உள்ளே இழுத்து வைத்தேன், இப்போது கால் நீண்டு இழுக்காது. அயர்ன் பாக்ஸ் தரையிலிருந்து மேஜைக்கு ஏறியது. ஒரு ரவிக்கை முடிந்தால் எழுந்து நின்று ஊக்கும் கண்ணும் கட்டுவேன். உட்கார்ந்தே ஐந்து ரவிக்கை தைப்பதில்லை.

பெல்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், நிறையப் பேர் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். நானும் 900 ரூபாய்க்கு வாங்கி இரண்டு மாதம் இரவு பகலாகக் கட்டியிருந்தேன். உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நீண்டகால இடுப்பு வலிக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பெல்ட்டையும், இடுப்பை இழுத்துவிடும் இழுவை வைப்பதையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அதில் இருக்கிறது. உடற்பயிற்சி, விளக்கிச் சொல்லிக் கொடுப்பது, கையால் முதுகெலும்புக்குச் செய்யும் சிகிச்சை, மசாஜ் இவை பயன்படலாம் என்கிறது. பெல்ட்டை ஒரேயடியாகக் கழற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று குறைத்து மூன்று வாரத்தில் விட்டேன்.

பயிற்சிகள் மூன்றுதான். கையும் முழங்காலும் ஊன்றி நின்று, வலது கையையும் இடது காலையும் நீட்டிப் பத்து நொடி நிறுத்துவது, பிறகு மாற்றுவது. மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. ஒருக்களித்து முழங்கையும் முழங்காலும் ஊன்றி இடுப்பைத் தரையிலிருந்து எழுப்புவது. காலையில் பன்னிரண்டு நிமிடம், பாய் விரித்த இடத்திலேயே. கூடவே குனிகிற விதத்தையும் மாற்றிக் கற்றேன். என் அம்மா சோழவந்தான் பக்கம் நாற்று நட்டவர். முதுகைப் பலகைபோல நீட்டிவைத்துத் தொடை மூட்டில் மட்டும் மடங்குவார். நான் முதுகை வில்லாக வளைத்துக் குனிந்து பழகியவள். சின்ன வயதில் தினமும் பார்த்ததை 47 வயதில் கண்ணாடி முன் நின்று பழகினேன்.

மூன்றாம் வாரம் கால் மரப்பு முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. வலி தூரத்துக் காலிலிருந்து இடுப்பை நோக்கிச் சுருங்கி வருவது நல்ல அறிகுறி என்றார்கள். நான்காம் வாரம் முழு ராத்திரி தூங்கினேன். ஐந்தும் ஆறும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லாமல் கழிந்தன. ஆறோடு நிறுத்திவிடலாம், இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மேடம். ஒரு தடவைக்கு இரண்டும் சேர்த்து 1,200 ரூபாய், ஆக 7,200. என் கணக்கில் இருபது லைனிங் ரவிக்கைக்கு மேலே தைத்த கூலி. குறைந்த தொகை இல்லை. கையில் அவ்வளவு இல்லாதவர்கள் ஷாக்வேவ் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம் என்றே சொல்வேன். பயிற்சியும் நடையும் மேஜை உயரமும் காசில்லாமலோ குறைந்த காசிலோ கிடைக்கிறவை. பெரியாஸ்பத்திரியிலும் பிசியோதெரபி இருக்கிறது. ஷாக்வேவும் கைரோவும் எனக்குக் கொடுத்தது, அந்தப் பயிற்சியைத் தொடங்க முடிகிற ஒரு உடம்பை. ஒரே நாளில் இரண்டும் செய்துகொண்டதால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பொங்கல் வாரத்தில் இரண்டும் செய்த பிறகும் வலி திரும்பியது, மேஜை உயர்ந்த பிறகு அந்த வாரங்களில் அப்படித் திரும்பவில்லை. இது என் உடம்பு எனக்குச் சொன்னது.

நடைக்குத் தெப்பக்குளம். மாரியம்மன் கோயில் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். முதலில் அரைச் சுற்று, நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு மீதி அரை. இப்போது வாரத்தில் ஐந்து நாள் மூன்று சுற்று. 2024 சூனில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இடுப்பு வலி வந்து குணமான 701 பேரில், திட்டமிட்டு நடந்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆகியிருக்கிறது, நடை சொல்லிக்கொடுக்கப்படாதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாள். மேடம் அதை எனக்கு அனுப்பிவைத்தார். மழை நாளில் போகச் சோம்பல் வந்தால் அந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள்வேன்.

வலி முழுதாகப் போய்விட்டதா என்று கேட்கிறார்கள். 2024 ஆவணி முகூர்த்த நேரத்தில் ஒரு தடவை பிடித்தது. இந்தத் தடவை யாரிடமும் ஓடவில்லை. சிறுநீர் சரியாகப் போகிறதா, கால் பலமாக இருக்கிறதா, மரப்பு இருக்கிறதா என்று நானே முதலில் பார்த்துக்கொண்டேன். குதிகாலால் நாலடி, விரல் நுனியால் நாலடி நடந்து பார்த்தேன். எல்லாம் சரி. படுத்துக் கிடக்காமல் வீட்டுக்குள் நடந்தேன், நொச்சி ஒத்தடம் வைத்தேன், பயிற்சியில் லேசானதை மட்டும் செய்தேன். ஆறு நாளில் கடைக்குப் போய்விட்டேன்.

கடையில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு இப்போது இருபத்துநாலு வயது. அவளுக்கு என்னைவிட உயரம் நாலு அங்குலம் கூட. எனக்கு உயர்த்திய மேஜையில்தான் அவளும் வெட்டுகிறாள். போன வாரம் லைனிங் வெட்டிவிட்டு நிமிரும்போது இடுப்பில் கைவைத்தாள். “என்னத்தா?” என்றேன். “ஒண்ணுமில்லக்கா, லேசா” என்றாள். நின்ற இடத்திலேயே அவள் முழங்கையை அளந்தேன், 42 வருகிறது. ஆசாரி வியாழக்கிழமை வருகிறார். அவளுக்கு 38 அங்குலத்தில் தனி மேஜை சொல்லியிருக்கிறேன்.